பழுது நீக்கிய குரல்

கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டிய நட்சத்திரத்தை இறக்குவதற்குள் இஞ்ஞாசியின் பேச்சில் ஓட்டை விழத் தொடங்கிவிட்டது. ஜெசிந்தா முதலில் தன் காதுக்கருவியைத்தான் சந்தேகப்பட்டாள். கழற்றித் துடைத்தாள். சார்ஜ் ஏற்றினாள். நுனியில் இருந்த ரப்பரை மாற்றினாள். மறுபடி காதில் செருகிக்கொண்டு, "இப்ப ஏதாச்சும் பேசுங்க" என்றாள்.

அவள் புருஷன் ஏதோ பேசினார். காதுக்குள் பெண் குரல் சொன்னது: "இஞ்ஞாசி. சாயங்காலம். தெளிவில்லை. வாங்கிட்டு. தெளிவில்லை. தெளிவில்லை."

நாலு வருஷமாக அவளுடைய உலகமே அந்தப் பெண் குரல்தான். இறால் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது குளிர்பதன அறையின் கம்ப்ரசர் வெடித்தது. உயிர் தப்பியது, காது தப்பவில்லை. நரம்பில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார்கள். காது மெஷினும் பாட்டுக் கேட்கிற ஹெட்போனும் ஒன்றாகிப்போயிருந்த காலம் அது. விரல்நுனி அளவுக் கருவியைக் காதுக்குள் செருகினால், எதிரே பேசுவதைக் கேட்டு, சொற்களைப் பிடித்து, மிச்ச நரம்புக்கு எட்டுகிற மாதிரி திருப்பிச் சொல்லும். ஜெசிந்தாவிடம் இருந்தது பேசிக் மாடல். அதில் எல்லோருக்கும் ஒரே குரல். பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் சொல்கிற பெண்ணைப் போல, பேசுகிறவர் பெயரை முதலில் சொல்லும், பிறகு பேச்சைச் சொல்லும். சாமியாரின் பிரசங்கமும் குழாயடி வசவும் அதற்கு ஒன்றுதான். ஒருவர் கோபமாகச் சொன்னாரா கொஞ்சலாகச் சொன்னாரா என்று தெரிய வேண்டுமானால் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

அதனால் நாலு வருஷமும் இஞ்ஞாசியின் முகத்தைப் பார்த்தபடியேதான் அவள் அவரோடு வாழ்ந்தாள். பார்க்கப் பார்க்க அவர் குரல் மட்டும் மனசைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாதாரணக் குரலா அது! தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷம் ஏலம் கூறிய குரல். சீலா மீன் குவியலுக்கு முன்னால் அவர் நின்று வாயைத் திறந்தால், ஐஸ் உடைக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் குரலைக் கேட்டுத்தான், மீன் வாங்க வந்த இடத்தில், பத்தொன்பது வயது ஜெசிந்தா கூடையை மறந்து நின்றாள். இப்போது படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். வருவதெல்லாம் அந்த பஸ் ஸ்டாண்ட் பெண்தான்.

கார்த்திகையோடு இஞ்ஞாசி ஏலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். "எல்லாம் செல்போன்ல ஏலம் எடுக்கான், வாயால கூறுறவன் எதுக்கு?" என்றார். அவளும் நம்பினாள். வீட்டிலேயே இருக்கிற மனுசன் கூடுதலாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சுருக்கிக்கொண்டே போனார். பேசுகிற கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் 'தெளிவில்லை'.

பக்கத்து வீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது. காய்கறிக்காரன் தெளிவாகக் கேட்டான். தாலி கட்டியவர் பேச்சு மட்டும் ஏன் உதிர்கிறது? அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அவர் வேண்டுமென்றே முணுமுணுக்கிறார் என்பது. செவிட்டுப் பொண்டாட்டியோடு கத்திக் கத்தி அலுத்துப்போயிருக்கும்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் எதையோ கேட்டார். கருவி, "இஞ்ஞாசி. தெளிவில்லை" என்று நிறுத்திக்கொண்டது.

"என்ன?"

மறுபடியும் 'தெளிவில்லை.'

"சத்தமாத்தான் பேசுங்களேன்! நான் என்ன பாவம் செஞ்சேன், என்கிட்ட மட்டும் வாய்க்குள்ள பேசுதீங்க? பிடிக்கலன்னா சொல்லிட்டுப் போங்க!"

இஞ்ஞாசி தட்டைத் தள்ளினார். கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, வாயை அகலத் திறந்து கத்தினார். அவர் கத்துவது அவளுக்குக் கண்ணால் தெரிந்தது. காதில் வந்ததோ அதே இரண்டு சொல். கத்தி முடித்துவிட்டு அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஜெசிந்தா எழுந்து அவருக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தாள். அவ்வளவு கத்தியும் கேட்கவில்லை என்றால் பழுது அவரிடம் இல்லை. இந்த மலிவுக் கருவியில்தான். அல்லது தன் நரம்பில் மிச்சம் இருந்ததும் செத்துக்கொண்டிருக்கிறது.

அன்றிலிருந்து அவள் செல்போனும் கையுமாக ஆனாள். காதுக்கருவி செய்த அதே கம்பெனி புரோ மாடல் ஒன்று விட்டிருந்தது. ஒவ்வொருவர் குரலையும் அவரவர் குரலாகவே நரம்புக்குள் செலுத்துமாம். விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைத்தது. இறால் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை பேங்கில் போட்டு வைத்திருந்தார்கள். அதில் பாதி போய்விடும். வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் படித்தாள். 'வீண் செலவு, பேசிக்கே போதும்' என்று ஒருவர். 'என் மகள் சிரிப்பு இப்படித்தான் இருக்குமென்று இன்றைக்குத்தான் தெரிந்தது' என்று ஒருவர். ஒரு மனசு வாங்கு என்றது. இன்னொரு மனசு, வயசான காலத்தில் ஒருத்தர் குரலைக் கேட்க இவ்வளவா, நாளைக்கு ஒரு வியாதி வெக்கை என்றால் என்ன செய்வாய் என்றது. வாரக்கணக்கில் இதே பாடு.

கடைசியில் முடிவெடுத்தது இஞ்ஞாசிதான். மாசி மாதம் ஒருநாள் மதுரைக்குப் போய் வந்தார். பழைய சிநேகிதனைப் பார்க்க என்று சொன்னார். வந்ததும் செல்போனில் எழுதிக் காட்டினார்: 'நாளைக்குக் கடைக்குப் போவோம். பெரிய மாடலே வாங்குவோம்.'

"வேண்டாங்க. அவ்வளவு காசு."

அவர் அடுத்த வரியை எழுதினார். 'என் குரல உனக்குக் கேக்கணும்டி.'

கடை பாளையங்கோட்டை ரோட்டில் இருந்தது. கருவி பொருத்துகிற பெண்ணுக்கு சண்முகவடிவு என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும். நிதானமாக, உதடு தெரியப் பேசினாள்.

"இதுக்கு ஒவ்வொருத்தர் குரலையும் பழக்கணும்மா. சாரோட நல்ல ரெக்கார்டிங் ஏதாச்சும் இருந்தா குடுங்க. எவ்வளவு இருக்கோ அவ்வளவு நல்லது."

துறைமுகத்தில் யாரோ எடுத்த ஏல வீடியோக்கள் அவர் செல்போனில் நிறைய இருந்தன. கொடுத்தார். வடிவு அவரை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டுப் பேச வைத்துப் பதிவு செய்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும் கொஞ்சநேரம் ஏதோ பேசிக்கொண்டார்கள். வடிவு முகம் வாடியது போல இருந்தது. அவர் கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டு எதையோ கேட்டார். விலையில் தள்ளுபடி கேட்கிறார் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

புதுக் கருவியை வடிவு காதில் பொருத்தினாள். முதலில் வந்தது ஃபேன் சத்தம். அப்புறம் ரோட்டில் போகிற லாரி. அப்புறம் வடிவின் குரல், கொஞ்சம் மூக்கடைத்த, இளசான குரல்: "கேக்குதாம்மா?"

ஜெசிந்தா பதில் சொல்வதற்குள் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தது.

"ஏட்டி ஜெசி."

அவள் திரும்பவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கனமான, அடிவயிற்றில் இருந்து வருகிற, ஓரத்தில் லேசாக உப்புக் கரித்த மாதிரியான அதே குரல். ஒரு பொடி குறையவில்லை.

"இன்னொரு தடவ" என்றாள்.

"ஏட்டி, எழுந்திரி. வீட்டுக்குப் போவோம்."

ஆட்டோவில் வரும்போதெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் நினைக்கவே இல்லை.

அந்த வாரம் விபூதிப் புதன் வந்து தவக்காலம் தொடங்கியது. ஜெசிந்தாவுக்கு அது தவக்காலமாகவே இல்லை. சமையலறையில் மீன் உரசிக்கொண்டே முன்னறையில் அவர் பேசுவதைக் கேட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லுங்க" என்பாள். அவர் பழைய கதையை எல்லாம் சொல்வார். புயலில் போன வள்ளத்தைச் சொல்வார். திருச்செந்தூர் ரோட்டில் சைக்கிளோடு அவளைக் கீழே போட்டதைச் சொல்வார். இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்குவார். பிறகு குரல் மறுபடியும் மணியாக வரும். முன்பெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். இப்போது அதற்குத் தேவை இல்லை. அவர் இந்த அறையில் பேச, அவள் அந்த அறையில் சிரித்தாள்.

அவர் கஞ்சி மட்டும் குடித்தார். "தவக்காலம்லா" என்றார். வருஷா வருஷம் வெள்ளிக்கிழமைகூட மீன் இல்லாமல் இறங்காத மனுசன் திருந்திவிட்டார் என்று ஜெசிந்தா கேலி செய்தாள். சட்டை தொளதொளத்தது. துவைத்துக் காயப்போடுகிறவள் அவள்தான். ஆனாலும் கண்ணில் படவில்லை.

ஈஸ்டருக்கு இஞ்ஞாசியின் தங்கை பிலோமினா வந்தாள். ஏழெட்டு மாதமாகப் பெங்களூரில் மகள் பிரசவத்துக்கு நின்றுவிட்டு நேரே இங்கே வருகிறாள். இடையில் அண்ணன் செல்போனில் எழுதி அனுப்புவதோடு சரி. வாசலில் ஆட்டோ நின்றது. இஞ்ஞாசி எழுந்துபோய், "வா பிலோ, பிரயாணம் எப்படி இருந்துச்சு?" என்றார். சமையலறையில் நின்ற ஜெசிந்தாவின் காதில் அது கணீரென்று விழுந்தது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பிலோமினா பையைக் கீழே போட்டுவிட்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே... என்னண்ணே இது? தொண்டைக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னுமில்ல, சளி" என்றார் இஞ்ஞாசி, அதே மணிக் குரலில்.

"சளியா? காத்துதான் வருது, குரலே வரலியே! மதினி, என்ன மதினி இது? இப்படி ஆகுற வரைக்கும் சும்மாவா இருந்திய?"

ஜெசிந்தாவுக்கு எதுவும் விளங்கவில்லை. "என்ன பிலோ சொல்லுத? நல்லாத்தானே பேசுதாவ?"

பிலோமினா அவளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி.

"நல்லாப் பேசுதாவளா? கழுத்துல பாருங்க மதினி. முட்டை கணக்கா வீங்கியிருக்கு. உங்களுக்குக் காதுதான் போச்சு, கண்ணுமா போச்சு?"

ஜெசிந்தா கருவியைக் காதில் இருந்து பிடுங்கினாள். வீடு அமைதியானது. அந்த அமைதியில், எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவரை நேராகப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. காறை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சட்டைக் காலரைப் பித்தான் போட்டு மூடியிருந்தார். காலருக்கு மேலே, இடது காதுக்குக் கீழே, வீக்கம். அவர் வாய் அசைந்தது. "ஜெசி, ஜெசி" என்பதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் தோள் தூக்கிப்போட்டது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு பாடா?

அவள் கை நீட்டி அந்தக் காலர்ப் பித்தானைக் கழற்றினாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு இஞ்ஞாசியை முன்பே தெரிந்திருந்தது. அது அவளுக்கு அடுத்த அடி.

"மாசியிலேயே சொல்லிட்டேன்மா. குரல்வளையில புற்று. அப்பவே அட்மிட் ஆகுங்கன்னேன். ஒரு பக்கத்த மட்டும் எடுத்திருக்கலாம், குரல் கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கும். ஒரு மாசம் டைம் கேட்டுப் போனாரு. அப்புறம் ஆளே வரல. போன் பண்ணினா எடுக்கல." டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். "இப்ப முழுசா எடுக்கணும். கழுத்துல இருக்கிற கட்டியையும் எடுக்கணும். அதுக்கப்புறமும் கேரண்டி சொல்ல முடியாது. அரசாங்க காப்பீட்டுல செஞ்சிடலாம், செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் ஜெசிந்தா கேட்டாள். "ஏன்? எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

அவர் பேசினார். காதுக்குள் அந்த நல்ல குரல் நிதானமாக, தெளிவாகச் சொன்னது. அதைக் கேட்கவே அவளுக்கு உடம்பு கூசியது.

"ஒரு மாசம்னுதான் நினைச்சேன். குரல் போறதுக்குள்ள உன் காதுல ஒரு தடவ விழட்டும்னு. அந்தக் கடையில உன் முகத்தப் பாத்தேன்ல. நாலு வருசமா அப்படி ஒரு முகத்த நான் பாக்கல. அதைக் குடுத்துட்டு அடுத்த மாசமே எப்படிப் பிடுங்குவேன்? நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருந்துட்டேன்."

"நீங்க செத்துப்போனா எனக்கு எதுக்குங்க குரல்?"

அவள் அவர் மார்பில் அடித்தாள். அடிக்கும்போதே எலும்பு கையில் தட்டியது. அடிப்பதை நிறுத்தி, அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இடையில் ஒருநாள் தூத்துக்குடிக்கு வந்து, அவள் தனியாகக் கடைக்குப் போனாள். உள்ளே நுழைந்த வேகத்தில் வடிவைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும். நீ அன்னைக்கே கேட்ட. இந்தச் சனியன் ஏன் எனக்குப் பொய் சொல்லுச்சு?"

வடிவு அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பொய் சொல்றதுக்குன்னு செய்யலைம்மா. சளி பிடிச்சிருக்கும், ரோட்டுச் சத்தம் இருக்கும், போன்ல பேச்சு விட்டுவிட்டு வரும். இப்படிக் குறை இருந்தா அதுவே நிரப்பிக்கும். ஒருத்தரோட நல்ல குரல் எப்படின்னு அதுக்குத் தெரியும். கிடைக்கிற சத்தத்துல சொல்லைப் பிடிச்சு அந்தக் குரல்ல சொல்லும். பழைய மாடல், பிடிபடலன்னா தெளிவில்லைன்னு சொல்லிடும். இது அப்படிச் சொல்லாது. அதுக்குத்தானே இந்த விலை."

"நீ சொல்லியிருக்கலாம்லா?"

"சார் கையெடுத்துக் கும்பிட்டாரும்மா. 'ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் போறேன், அதுவரைக்கும் பழைய குரலையே வையி'ன்னாரு. நான் நம்பிட்டேன். என் தப்புதான்."

இப்போது வடிவு அழுதாள். ஜெசிந்தாவுக்கு அவளைத் திட்டத் தெம்பு இல்லை.

"ஆபரேஷனுக்கப்புறம் பேச முடியாது" என்று வடிவே மெல்லச் சொன்னாள். "ஆனா சார் போன்ல டைப் பண்ணினா, அது இதே குரல்ல உங்க காதுல பேசும். எவ்வளவு வருஷமானாலும். குரல் உங்களை விட்டுப் போகாதும்மா."

"அது இருக்கட்டும். இப்ப நான் கேட்டு வந்தது வேற. அவுக நெசக் குரல் கேக்கணும். ஒட்டுப் போடாம, என்ன வருதோ அது."

"ஒன்னும் விளங்காதும்மா. உங்க நரம்புல மிச்சம் கம்மி. அவர் குரலும் அந்த நிலைமையில இருக்கு. வெறும் கரகரப்புத்தான் வரும்."

"வரட்டும்."

ஆபரேஷன் அன்று காலையில் வார்டில் அவரைப் பச்சை உடுப்பு மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பிலோமினா வராந்தாவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து, வடிவு சொல்லிக்கொடுத்தபடி செல்போனில் அந்த வசதியை அணைத்தாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏதாச்சும் பேசுங்க" என்றாள்.

இஞ்ஞாசி பேசினார்.

காய்ந்த பனையோலையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். அது அறுந்தது. மறுபடி தொடங்கியது. நடுவில் ஒரு விசில். சொல் எது, மூச்சு எது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு எழுத்துக்கூடப் பிடிபடவில்லை. உதட்டைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் கண்ணீர் மறைத்தது. ஆனாலும் அது அவர்தான். பழைய வீடியோவில் இருந்து எடுத்தது அல்ல. அந்த நிமிஷத்தில், அந்தக் கட்டிலில், அந்தத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய கருவியில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் புருஷனின் குரல் கேட்டது.

அவர் நிறுத்தாமல் பேசினார். இவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனை நாளாயிற்று! நடுவில் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் தலையாட்டினாள். இடைமறித்து, 'கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. திரும்பச் சொல்ல அவரிடம் தெம்பும் இல்லை. முடிக்கும்போது புருவத்தை உயர்த்தினார். எதையோ கேட்டிருக்கிறார், பதிலுக்குக் காத்திருந்தார்.

"சரி" என்றாள் ஜெசிந்தா.

அவர் முகம் தளர்ந்தது. பெரிய பாரம் இறங்கிய மாதிரி கண்ணை மூடினார். தள்ளுவண்டி வந்தது. கூட்டிப்போனார்கள்.

பிழைத்து வந்தார். எட்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். அடுத்து கதிர்வீச்சு, அதன் புண், அதன் வாந்தி. ஆடி மாதம் வீட்டுக்கு வந்தபோது கழுத்தின் அடியில் சின்ன ஓட்டையும் அதன் மேல் ஒரு துணிக்கட்டும் இருந்தன. மூச்சு அதன் வழியாகத்தான் போய் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். 'குணமாயிற்று' என்று யாரும் சொல்லவில்லை.

அவர் செல்போனில் டைப் செய்யப் பழகினார். வடிவு சொன்னது சரிதான். விரல் எழுத்தைத் தட்டியதும் ஜெசிந்தாவின் காதில் ஏலக்காரர் இஞ்ஞாசி பேசினார். மருந்து கேட்டார், காப்பி கேட்டார், மழை வருகிறது துணியை எடு என்றார். முதல் சில நாள் அவள் அருகிலேயே உட்கார்ந்து, அவர் விரலையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே கேட்டாள். போகப் போகச் சமையலறையில் இருந்தே கேட்டாள். சாயங்காலத்தில் படுத்துக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லுங்க" என்று கண்ணை மூடினாள். அவர் தட்டத் தட்ட, அவள் தூக்கத்தில் சிரிப்பதைப் போலச் சிரித்துக்கொண்டு கிடந்தாள்.

அப்படி ஒரு சாயங்காலம் காதில் குரல் வந்தது. "ஏட்டி, ஆபரேஷனுக்கு முன்னால ஒன்னு கேட்டேன்லா. நீ சரின்ன. எப்பச் செய்யலாம்?"

ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தாள். என்ன கேட்டார்? பங்குக் கோயிலுக்கு நேர்ச்சையா? பிலோமினாவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா? தெரியவில்லை என்று சொன்னால் அந்தக் காலையை அவரிடம் இருந்து பிடுங்கிக்கொள்வது போல் ஆகிவிடும்.

"நீங்க எப்பச் சொல்லுதீங்களோ அப்ப" என்றாள்.

அவர் தலையாட்டினார். செல்போனில் எதையோ தேடினார், தட்டினார். கொஞ்சநேரத்தில் அவள் செல்போன் அதிர்ந்தது. கடையில் இருந்து செய்தி. 'இஞ்ஞாசி அவர்களின் வேண்டுகோளின்படி அவரது குரல் மாதிரியை அழிக்க உங்கள் சம்மதம் தேவை. அழித்த பின் மீட்க இயலாது.' கீழே 'சம்மதம்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

"இதையா கேட்டீங்க?"

அவர் விழித்தார். 'தெரியாதா?' என்று புருவம் கேட்டது.

"எனக்கு அன்னைக்கு ஒரு வார்த்தகூட விளங்கலைங்க" என்று ஜெசிந்தா உடைந்தாள். "நெசக் குரல் கேக்கணும்னு எல்லாத்தையும் அணைச்சு வச்சிருந்தேன். குரல்தான் கேட்டுச்சு. என்ன சொன்னீங்கன்னு தெரியாமலே சரின்னுட்டேன். நீங்க சொல்லுறதெல்லாம் காதுல விழுதுன்னு நினைச்சுக்கிட்டே போகட்டும்னு..."

இஞ்ஞாசி அவளையே பார்த்தார். கோபம் வரும் என்று அவள் பயந்தாள். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. கட்டியிருந்த துணி மூச்சில் எழும்பி எழும்பி விழுந்தது. பிறகு மெதுவாகத் தட்டினார். அவர் தட்டியதை அந்த நல்ல குரல் அவளுக்குச் சொன்னது.

"அவன் என்னைவிட நல்லாப் பேசுதான் ஜெசி. அவனுக்கு நோவு கிடையாது, மூச்சு வாங்காது. நீ கண்ண மூடிக்கிட்டு அவன்கூட இருக்க. நான் இந்தக் கட்டில்ல இருந்து உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் எத்தனை நாளுன்னு தெரியாது. இருக்கிற வரைக்கும் நீ என்னப் பாக்கணும்."

அடுத்த வரி வந்தது. "அன்னைக்குச் சொன்ன சரி செல்லாது. இப்பக் கேக்கேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. கோவிக்க மாட்டேன்."

ஜெசிந்தா செல்போனைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லத்தான் வாய் துடித்தது. நாளைக்கே இந்த மனுசன் போய்விட்டால் மிஞ்சுவது இது ஒன்றுதான். வீடு முழுக்க இந்தக் குரலை நிரப்பி வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டிவிடலாம். எத்தனை வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வாங்கியது! அந்தக் குரலே அல்லவா, ஒரு நடுக்கம் இல்லாமல், தன்னை அழித்துவிடச் சொல்லிக் கேட்கிறது.

கட்டம் கண்ணீரில் கலங்கித் தெரிந்தது. துடைத்துவிட்டு, சரியாகப் பார்த்து, 'சம்மதம்' என்பதில் விரலை வைத்தாள்.

இஞ்ஞாசி கட்டிலில் இருந்து எட்டி அவள் காதில் இருந்த கருவியை மெல்லக் கழற்றினார். தெருவும் ஃபேனும் மழையும் நின்றுபோயின. அவள் கையை எடுத்து, கழுத்துத் துணியை விலக்கி, அந்த ஓட்டைக்கு முன்னால் பிடித்தார். உள்ளங்கையில் மூச்சு பட்டது. வெதுவெதுப்பாக, ஈரமாக வந்தது; நின்றது; மறுபடி வந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.